அந்தத் தாய் ஏன் இறந்தாள்?

மருத்துவர் தம் ஸ்டெதஸ்கோப்பை நம் மார்பின்மீது வைக்கும்போது அறையில் ஓர் அமைதி நிலவுகிறது. உடன் வந்தவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்கின்றனர். நாம் அவர் முகத்தையே பார்த்திருக்கிறோம். அவர் புருவம் சற்றே சுருங்கினாலும் நம் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொள்கிறது. "ஒன்றுமில்லை" என்னும் ஒரு சொல்லுக்காக எத்தனையோ குடும்பங்கள் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் காத்து நிற்கின்றன.

மருத்துவர் கேட்பது ஓர் ஒலியை. நாம் அவரிடம் கேட்பதோ அந்த ஒலியைப் பற்றியன்று. "எனக்கு என்ன ஆகும்?" என்பதே நம் வினா. ஒலியைக் கேட்பதற்கும் இவ்வினாவுக்கு விடை சொல்வதற்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. அத்தொலைவைக் கடக்க மருத்துவ உலகத்திற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் தேவைப்பட்டன. கடந்தவர்களுள் முதன்மையானவர் பெரும் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அல்லர். ஆய்வுக்கூடம் ஏதும் அவருக்கு இருந்ததில்லை. இங்கிலாந்தின் நெசவாலை நகரம் ஒன்றில் வீடுவீடாகச் சென்று காய்ச்சலும் பிரசவமும் பார்த்துவந்த குடும்ப மருத்துவர் அவர். ஜேம்ஸ் மெக்கன்சி என்பது அவர் பெயர்.

ஒலி கிடைத்தது, பொருள் கிடைக்கவில்லை

மெக்கன்சியின் பணியை உணர அவருக்கு முந்தைய நிலையைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். மார்பை விரல் நுனியால் தட்டி, எழும் ஒலியின் வேறுபாட்டைக் கொண்டு உள்ளிருக்கும் நோயை அறியலாம் என்று வியன்னா மருத்துவர் லியோபோல்ட் ஆவன்புருக்கர் 1761இல் எழுதினார். அவர் கிராஸ் நகர விடுதிக்காரர் ஒருவரின் மகன். தந்தையின் விடுதியில் பீப்பாய்களைத் தட்டி உள்ளிருக்கும் மதுவின் அளவை அறியும் வழக்கமே அவருக்கு இந்த எண்ணத்தைத் தந்தது என்பர். அவரது சிறு நூலை அன்று பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. 1808இல், நெப்போலியனின் மருத்துவராயிருந்த கோர்விசார் அதனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்த பின்னரே அது பரவலாயிற்று.

கோர்விசாரிடம் பயின்றவர் ரெனே லேனக். ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடைய இவர் 1816இல் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் இதயநோய்க் குறிகளோடு வந்த இளம்பெண் ஒருவரைச் சோதிக்க வேண்டியவரானார். நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பது அந்நாளைய வழக்கம். அப்பெண்ணின் இளமையை எண்ணி லேனக் தயங்கினார். ஒரு தாள்சுவடியை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவர் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாக இதயத்தின் ஒலி கேட்டது. ஸ்டெதஸ்கோப் பிறந்தது. ஒரு பெண்ணின் நாணத்திற்கு அளித்த மதிப்பு மருத்துவத்திற்கு ஒரு புதிய காதையே தந்துவிட்டது. 1819இல் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்ட லேனக், 1826இல் தமது 45ஆம் வயதில் காசநோயால் மறைந்தார்.

எனினும் லேனக் இதய ஒலிகளுக்குக் கூறிய விளக்கம் முழுவதும் சரியன்று. இதயம் 'லப்-டப்' என ஒலிப்பதில் இரண்டாம் ஒலி மேலறைகள் சுருங்குவதால் எழுவது என்று அவர் எண்ணினார். உண்மையில் அது, இதயத்திலிருந்து வெளிச்செல்லும் பெருங்குழாய்களின் வாயில்களிலுள்ள வால்வுகள் மூடிக்கொள்ளும் ஒலியாகும். கேட்டவர் அவர், கேட்டதன் பொருளைப் பின்வந்தோர் மெல்ல மெல்லத் திருத்தினர்.

இதற்கிடையே ஸ்டெதஸ்கோப் ஊர்தோறும் பரவியது. இயல்பான ஒலிகளோடு, குருதி சலசலத்து ஓடுவதைப் போன்ற 'முணுமுணுப்பு' சிலருடைய இதயங்களில் கேட்டது. வேறு சிலருக்கு நாடி தாளந்தவறித் துடித்தது. இவையெல்லாம் ஆபத்தின் அறிகுறிகளாகவே கருதப்பட்டன. முணுமுணுப்பு உள்ளவர் எனப்பட்ட இளைஞர் விளையாட்டை விட்டார், வேலையை விட்டார், படுக்கையில் கிடத்தப்பட்டார். நோயால் முடங்கியவர்களோடு, நோயின் பெயரைக் கேட்டே முடங்கியவர்களும் பெருகினர். அதே வேளையில் உண்மையாகவே ஆபத்தில் இருந்தவர்களைப் பிரித்தறியும் வழியும் இல்லாதிருந்தது.

பர்ன்லி நகரில் ஒரு மரணம்

ஜேம்ஸ் மெக்கன்சி 1853ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில், ஸ்கோன் என்னுமிடத்தருகே ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு, பெர்த் நகரின் மருந்துக்கடை ஒன்றில் தொழில் பழகினார். மருந்து கட்டிக் கொடுப்பதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. இருபது வயதைக் கடந்தபின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு லங்காஷயர் மாநிலத்தின் பருத்தி நெசவு நகரமான பர்ன்லியில், ஏற்கெனவே தொழில் நடத்திவந்த இரு மருத்துவர்களோடு இணைந்துகொண்டார். அந்நகரில் அவர் 28 ஆண்டுகள் பணிபுரிந்தார்.

அங்குச் சென்ற தொடக்க ஆண்டுகளில், இதயநோயுடைய இளம்பெண் ஒருவரின் பிரசவத்திற்கு அவர் அழைக்கப்பட்டார். பேறுகால வேதனையின் நடுவே அப்பெண்ணுக்கு மூச்சு முட்டியது. மருத்துவர் அருகில் இருக்கவே அவர் உயிர் பிரிந்தது. தாம் அறிந்த மருத்துவத்தில் இதற்கு மாற்று ஏதும் இல்லை என்பதை மெக்கன்சி கண்டார். அதைவிட அவரை வருத்தியது மற்றொன்று. இவ்வாறு நேரக்கூடும் என்பதை முன்கூட்டியே தாம் உணர்ந்திருக்க வேண்டாவா? ஏன் உணரவில்லை? பாடநூல்களைப் புரட்டினார். எந்த இதயம் மகப்பேற்றைத் தாங்கும், எந்த இதயம் தாங்காது என்று சொல்லும் நூல் ஒன்றும் இல்லை.

நம்முள் பலர் இத்தகைய துயரை நாளடைவில் மறந்துவிடுவோம். அன்றேல் விதி என்று ஒதுக்கிவிடுவோம். மெக்கன்சி அவ்வாறு ஒதுக்கவில்லை. தம்மிடம் வந்த கருவுற்ற பெண்கள் அனைவருடைய நாடியையும் இதயத்தையும் கவனித்துக் குறிப்பெழுதத் தொடங்கினார். அன்று எழுந்த வினாவுக்குரிய விடையை, இதயநோயும் கருவுறுதலும் பற்றிய தனி நூலாக அவர் வெளியிட்டது 1921இல். நடுவே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

கழுத்திலும் மணிக்கட்டிலும்

ஆய்வுக்குரிய கருவிகள் அவரிடம் இல்லை. மணிக்கட்டு நாடியின் அசைவைத் தாளில் வரையும் எளிய கருவி ஒன்று அன்று புழக்கத்தில் இருந்தது. மெக்கன்சி அதனோடு மற்றொரு கிண்ணத்தை இணைத்துக் கழுத்துச் சிரையின்மீது வைத்தார். கழுத்துச் சிரையில் தெரியும் மெல்லிய அலை இதயத்தின் வலப்புற மேலறையின் செயலைக் காட்டுவது. மணிக்கட்டு நாடியோ கீழறையின் செயலைக் காட்டுவது. இரண்டையும் ஒரே தாளில் ஒருங்கே வரைந்தால், மேலறையும் கீழறையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக இயங்குகின்றனவா என்பது தெரிந்துவிடும். பின்னாளில் பாடிஹாம் ஊரைச் சேர்ந்த கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவரின் துணையோடு, மையால் வரையும் கையடக்கமான 'பாலிகிராப்' கருவியை அவர் உருவாக்கினார். நோயாளியின் வீட்டிற்கே அதனை எடுத்துச் செல்ல முடிந்தது.

கருவியைவிட அரியது அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. பெருநகர மருத்துவமனைப் பேராசிரியர் நோயாளியை நோய் முற்றிய நிலையில் சில வாரங்களே காண்கிறார். குடும்ப மருத்துவரோ அதே மனிதரைச் சிறுவனாகவும், நெசவாலைத் தொழிலாளியாகவும், தந்தையாகவும், முதியவராகவும் காண்கிறார். இன்று நாடி தாளந்தவறுகிறது என்று குறித்துவைத்தவர், பத்தாண்டு கழித்து அம்மனிதர் எவ்வாறிருக்கிறார் என்பதையும் குறித்துவைக்க முடியும். மெக்கன்சி செய்தது அதுவே. அவர் பொறுமையோடு காத்திருந்து பார்த்தார்.

பார்த்ததன் பயனாகத் தாளந்தவறும் நாடிகளை மூவகையாகப் பிரித்தார். இளையோரிடத்தில் மூச்சின் ஏற்ற இறக்கத்திற்கேற்ப நாடி விரைந்தும் தணிந்தும் துடிப்பது ஒன்று. இது நலத்தின் அடையாளமே. வளர்ந்தோரிடத்தில் இடையிடையே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்து, பின் சற்றே நின்று தொடர்வது மற்றொன்று. வேறு நோயற்றவரிடத்தில் இதுவும் பெரும்பாலும் தீங்கற்றது. மூன்றாவதோ எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாது துடிக்கும் நாடி. இதுவே அஞ்சத்தக்கது.

மூன்றாம் வகையின் மெய்ப்பொருளை அவருக்குக் காட்டியவர், ஈரிதழ் வால்வு சுருங்கியிருந்த ஒரு பெண் நோயாளி. அவரை மெக்கன்சி 1880 முதல் கவனித்துவந்தார். 1890களின் பிற்பகுதியில் ஒருநாள் அவர் நாடி முற்றிலும் ஒழுங்கிழந்தது. கழுத்துச் சிரையின் வரைவைப் பார்த்தபோது, அதுவரை தவறாது தெரிந்துவந்த மேலறையின் அலை மறைந்துபோயிருந்தது! மேலறை செயலற்றுவிட்டது என மெக்கன்சி கருதினார். அது செயலற்றுப் போகவில்லை, ஒழுங்கற்று நடுங்கிக்கொண்டிருக்கிறது என்பதை 1909இல் தாமஸ் லூயிஸ் மின்வரைவு கொண்டு நிறுவினார். இன்று மேலறை நடுக்கம் எனப்படும் இந்நிலை, உலகெங்கும் மருத்துவர் நாள்தோறும் காணும் இதயத் தாளக் கோளாறுகளுள் முதன்மையானதாகும்.

இந்தப் பிரிவினையால் ஒரு பழைய மருந்துக்கும் புதுப்பொருள் கிடைத்தது. ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலையிலிருந்து பெறப்படும் டிஜிடாலிஸ் மருந்தைப் பற்றி வில்லியம் விதரிங் 1785இலேயே எழுதியிருந்தார். ஆனால் அது சிலருக்கு உயிரளித்தது. பலருக்கு ஒரு பயனும் தரவில்லை. அளவு மீறினால் நஞ்சாயிற்று. மேலறை நடுங்கி, கீழறை கட்டுக்கடங்காது விரைந்து துடிப்போருக்கே அது பெரிதும் உதவுகிறது என்பதை மெக்கன்சி கண்டு காட்டினார். எவருக்கு எம்மருந்து என்பது தெளிந்தபோதுதான் மருந்து மருந்தாயிற்று.

"உம்மால் என்ன செய்ய முடிகிறது?"

1902இல் நாடி பற்றிய அவரது நூல் வெளிவந்தது. ஐரோப்பிய அறிஞர் பலர் பர்ன்லியை நோக்கித் திரும்பினர். 1907இல் அவர் இலண்டனில் குடியேறினார். அடுத்த ஆண்டே இதயநோய்கள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதில் அவர் வலியுறுத்திய கருத்து எளியது. முணுமுணுப்பு கேட்கிறதா என்பதைவிட, அந்த இதயத்தின் தசைக்கு இன்னும் எவ்வளவு வலு மிஞ்சியிருக்கிறது என்பதே வினா. அதனை அறிய நோயாளியையே கேட்க வேண்டும். எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது? சென்ற ஆண்டு எவ்வளவு தொலைவு நடந்தீர்? இப்போது எவ்வளவு? இரவில் எழுந்து உட்கார நேர்கிறதா?

முதல் உலகப்போரின்போது இக்கருத்து பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. மார்புப் படபடப்பும் மூச்சிரைப்புமாக எண்ணற்ற படைவீரர்கள் 'இதயநோயாளர்' எனப் பின்னனுப்பப்பட்டனர். அவர்களுக்கென இலண்டனின் ஹாம்ஸ்டெட் பகுதியில் தனி மருத்துவமனை அமைந்தது. அதன் ஆலோசகர்களுள் மெக்கன்சியும் ஒருவர். அங்குத் தாமஸ் லூயிஸ் வீரர்களைப் படுக்கையில் கிடத்தவில்லை. படிப்படியாக உடற்பயிற்சி செய்வித்து, அவரவர் ஆற்றலை அளந்து பிரித்தார். அவர்களுள் பெரும்பாலோருக்கு இதயத்தில் நோயில்லை என்பது தெரியவந்தது. 1928இல் நியூயார்க் இதயக் கழகம் வகுத்த நான்கு படிநிலைகளும், நோயாளி எவ்வளவு உழைத்தால் களைப்பும் மூச்சிரைப்பும் தோன்றுகின்றன என்பதையே அளவுகோலாகக் கொண்டவை. இன்றும் மருத்துவர்கள் அவற்றைக் கையாளுகின்றனர்.

ஆசான் தவறிய இடம்

மெக்கன்சியைப் போற்றும் நாம் அவர் தவறிய இடத்தையும் மறைத்தலாகாது. தசையே முதன்மை, வால்வு அன்று என்னும் அவரது போதனை, அவர் மாணவர்களிடத்தில் அசையாத கொள்கையாக இறுகிவிட்டது. அவர் மறைந்தது 1925 சனவரியில். அதே ஆண்டு மே மாதம், அவர் முன்னர்ப் பணியாற்றிய அதே இலண்டன் மருத்துவமனையில், ஹென்றி சூட்டர் என்னும் அறுவை மருத்துவர், சுருங்கிய ஈரிதழ் வால்வு உடைய ஓர் இளம்பெண்ணின் இதய மேலறை வழியே தம் விரலைச் செலுத்தி அவ்வால்வை விரித்தார். அப்பெண் பிழைத்தார். ஆயினும் அதன்பின் ஒரு நோயாளியையேனும் அவரிடம் அனுப்ப மருத்துவர் எவரும் முன்வரவில்லை. வால்வைத் திருத்திப் பயனில்லை என அவர்கள் நம்பினர். 1948இல் அமெரிக்காவில் பெய்லியும் ஹார்க்கனும் வெற்றி காணும்வரை, 23 ஆண்டுகள் அந்த வழி அடைபட்டே கிடந்தது. பேரறிஞரின் சரியான சொல்லும், ஆராயாமல் பற்றிக்கொள்ளப்படும்போது சுவராகிவிடுகிறது.

பர்ன்லித் தாய் ஏன் இறந்தாள் என்பதற்கு இன்று நம்மால் விடை கூற முடிகிறது. கருவுற்ற காலத்தில் தாயின் குருதி 40 முதல் 50 சதவிகிதம் வரை பெருகுகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது. நலமுள்ள இதயத்திற்கே இது சுமைதான். நோயுற்ற இதயத்திற்கோ பேறுகால வேதனை தாங்கவொண்ணாத சுமையாகிவிடலாம். ஈரிதழ் வால்வு சுருங்கியிருந்தால், பெருகிய குருதி அக்குறுகிய வாயிலில் தேங்குகிறது. தேக்கம் நுரையீரலுக்கு ஏறி நீர் கோத்து மூச்சை அடைக்கிறது. அவ்வால்வைச் சுருக்குவது பெரும்பாலும் சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் மூட்டுவாதக் காய்ச்சல். தொண்டைப்புண்ணை உரிய மருந்தால் தொடக்கத்திலேயே ஆற்றலாம். காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்ட பிள்ளைகளுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை பென்சிலின் ஊசி தவறாது போட்டுவந்தால், அது மீண்டும் தாக்காமல் தடுக்கலாம். சுருங்கிய வால்வையும், ஜப்பானிய மருத்துவர் இனூவே 1980களில் கண்டளித்த முறைப்படி, காலின் சிரை வழியே சிறு பலூனைச் செலுத்தி மார்பைப் பிளக்காமலேயே விரிக்கலாம்.

நம் இல்லங்களில்

மெக்கன்சி தம் இறுதிக் காலத்தில் இலண்டனின் புகழையும் வருவாயையும் விட்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகருக்குச் சென்றார். ஊரின் குடும்ப மருத்துவர்கள் ஒன்றுகூடி, மக்களின் நோய்களை அவற்றின் முதற்குறியிலிருந்தே தொடர்ந்து குறித்துவரும் ஆய்வு நிறுவனம் ஒன்றை 1919இல் அங்கே தொடங்கினார். 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வும் ஓர் ஊராரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததேயாகும். உயர் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் குருதிக்கொழுப்பும் எவ்வலியும் காட்டாமலே இதயத்தை அரிப்பவை என்பதை அது காட்டிற்று. வலி வரும்வரை காத்திருத்தல் போதாது என மெக்கன்சியின் வழியே மெக்கன்சிக்கு அப்பாலும் நம்மை அழைத்துச் சென்றது.

அவருக்கே மாரடைப்பு நோய் இருந்தது. நெஞ்சுவலி பற்றி 1923இல் அவர் எழுதிய நூலில் தம் நோயையும் ஒரு நோயாளியின் வரலாறாகச் சேர்த்திருந்தார். தாம் இறந்தபின் தம் இதயத்தைச் சோதித்தறிய வேண்டுமென்பது அவர் விருப்பம், அவ்வாறே செய்யப்பட்டது. 1926இல் வெளிவந்த அவரது வாழ்க்கை வரலாற்றுக்கு 'அன்பார்ந்த மருத்துவர்' என்றே பெயரிட்டனர். புனித பவுல் கொலோசையருக்கு எழுதிய மடலில் லூக்காவுக்குத் தரும் பெயர் அது என்பதை நாம் அறிவோம்.

இவ்வரலாற்றில் நமக்குரிய பங்கு என்ன? தவறான தீர்ப்பு இருபுறமும் கூர்மையுடையது. நெஞ்சு அழுந்தி வலித்து, வியர்வை பெருகும்போது, "வாயுத் தொல்லைதான்" என்று சோடா குடித்துவிட்டு விடியும்வரை காத்திருப்போர் நம்மிடையே உண்டு. மாரடைப்பில் ஒவ்வொரு மணித்துளியும் இதயத்தசையின் உயிராகும். மறுபுறம், என்றோ கேட்ட தீங்கற்ற ஒலிக்காகப் பிள்ளையை ஓடவிடாமல் உட்காரவைத்திருக்கும் பெற்றோரும் உண்டு. இரண்டுக்கும் மருந்து, நம்மை நெடுநாளாக அறிந்த மருத்துவர் ஒருவரும், நம் பழைய சோதனைத் தாள்களைப் பத்திரமாகக் கட்டிவைத்த ஒரு கோப்புமே.

இன்னும் ஒன்று. மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட பெண்கள் நம் நாட்டில் இன்றும் உள்ளனர். திருமணம் தட்டிப்போகுமென்று மகளின் இதயநோயை மறைக்கும் வீடுகளையும் நாம் அறிவோம். மறைக்கப்பட்ட அந்நோய், மூச்சிரைப்பு முற்றிய நிலையில், சில வேளை பிரசவ அறையிலேயே முதன்முதலாக வெளிப்படுகிறது. பர்ன்லியில் அந்தத் தாய் இறந்தபோது மருத்துவர் அறியாதிருந்தார். அன்று அறிய வழியில்லை. இன்று வழியுண்டு. முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லும் கடமை மட்டுமே நம்முடையது.